பேக்கப் சென்டருக்கு என்ன விலை கொடுக்கலாம்? 2024 ட்ரேட் டெட்லைனில் டல்லாஸும் பாஸ்டனும்

2024 பிப்ரவரி முதல் வாரத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான NBAவின் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணியில் நான்கு பிக் மேன் (கூடைக்கு அருகே, பெரும்பாலும் சென்டர் இடத்தில் ஆடும் உயரமான வீரர்கள்) இருந்தார்கள். டெரிக் லைவ்லி முதல் வருட வீரர், 7 அடி 1 அங்குலம். டுவைட் பவல் அனுபவசாலிதான், ஆனால் ரிம்மை, அதாவது கூடை வளையத்தை, காக்கும் உயரமோ எழுச்சியோ அவரிடம் கிடையாது. மாக்ஸி க்ளீபர் கால்விரல் காயத்தால் சீசனின் பெரும்பகுதியை இழந்திருந்தார். ரிஷான் ஹோம்ஸ் 1 கோடியே 20 லட்சம் டாலர் சம்பளத்தில் பெரும்பாலும் பென்ச்சில் உட்கார்ந்திருந்தார். லைவ்லி ஆடுகிற நிமிடங்களில் டல்லாஸ் ஒரு அணி, அவர் வெளியே போனால் வேறொரு அணி. அவரோ கணுக்கால் காயம், ஜனவரி கடைசியில் மூக்கெலும்பு முறிவு என்று அடிக்கடி வெளியே போய்க்கொண்டிருந்தார்.

அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ள, அதாவது ட்ரேட் செய்ய, டெட்லைன் பிப்ரவரி 8, கிழக்கு அமெரிக்க நேரப்படி மதியம் 3 மணி. அதற்குள் டல்லாஸ் பொது மேலாளர் நிகோ ஹாரிசன் வாஷிங்டன் விஸார்ட்ஸிடமிருந்து டேனியல் காஃபோர்டை வாங்கினார். அதற்கு முந்தைய நாள் பாஸ்டன் செல்டிக்ஸ், மெம்ஃபிஸிடமிருந்து சேவியர் டில்மனை வாங்கியிருந்தது. ஒருவருக்குக் கொடுத்த விலை ஒரு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை), இன்னொருவருக்கு இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள். நான்கு மாதம் கழித்து இரண்டு அணிகளும் இறுதித் தொடரில் மோதின. பேக்கப் சென்டர்களை எப்படி ஒப்பிட வேண்டும் என்று கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு சமீபத்தில் இல்லை.

முதல் கேள்வி: எந்த நிமிடங்கள்?

பேக்கப் சென்டர் தேடும்போது ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் என்று வரிசைப்படுத்துவதுதான் வழக்கமான தவறு. பென்ச் வீரரின் எண்கள் பெரும்பாலும் எதிரணியின் பென்ச்சுக்கு எதிராக வந்தவை. மோசமான அணியில் ஆடுபவருக்கு நிமிடங்கள் தாராளமாகக் கிடைக்கும், எண்ணும் வீங்கும். 36 நிமிடம் ஆடினால் எவ்வளவு என்ற கணக்குக்கு மாற்றினாலும் கோளாறு முழுசாகத் தீராது. 17 நிமிடம் ஆடுபவர் முழு வேகத்தில் ஓடி, ஃபவுலுக்குப் பயப்படாமல் ஆடலாம். அதே ஆளை 30 நிமிடம் நிறுத்தினால் மூச்சும் ஃபவுலும் இடிக்கும்.

ஆகவே வீரரைப் பார்ப்பதற்கு முன்னால் காலியிடத்தைப் பார்க்க வேண்டும். சென்டர் இடத்துக்கு ஒரு ஆட்டத்தில் 48 நிமிடம். முதல் சென்டர் 26 நிமிடம் ஆடினால் மீதி 22. அந்த 22 நிமிடத்தில் பந்து யார் கையில் இருக்கிறது, அவர் எந்த மாதிரி ஸ்க்ரீன் (தன்னைத் தடுப்பவரை மறித்து நிற்பது) கேட்பவர், எதிரில் யார் நிற்பார்கள் என்று முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் பெயர்ப்பட்டியலைத் திறக்க வேண்டும்.

டல்லாஸில் பந்து எப்போதும் லூகா டான்சிச் கையிலோ கைரி இர்விங் கையிலோதான். அந்த சீசனில் டான்சிச் ஆட்டத்துக்கு 33.9 புள்ளியோடு லீகிலேயே முதலிடம். அவருடைய பிக் அண்ட் ரோலை (பிக் மேன் ஸ்க்ரீன் வைத்துவிட்டு ரிம்மை நோக்கி ‘உருண்டு’ ஓடும் ஆட்டமுறை) கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்த்தால் தேவை என்னவென்று புரியும். சென்டர் மேலே வந்து ஸ்க்ரீன் வைக்கிறார். டான்சிச் தன்னைத் தடுக்கும் காவலரை முதுகுக்குப் பின்னால் சிக்கவைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறார். எதிரே பெயின்ட்டுக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள பகுதி) பின்வாங்கி நிற்கும் எதிரணி சென்டர் இப்போது இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். டான்சிச்சை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தால் பின்னால் உருளும் பிக் மேன் தலைக்கு மேலே லாப் (ரிம்முக்குப் பக்கத்தில் உயரத்தில் போடும் பாஸ்) பறக்கும். வைக்காவிட்டால் எட்டடியிலிருந்து டான்சிச் மிதக்கவிடும் ஷாட். இந்த இரண்டையும் ஒருவரால் அடைக்க முடியாது என்பதால் கார்னரில் நிற்கும் காவலர் உள்ளே ஓடிவந்து உருளுபவரின் உடம்பில் மோதி நிறுத்தியாக வேண்டும். அவர் உள்ளே வந்த நொடியில் கார்னர் காலி, அங்கே மூன்று புள்ளி ஷாட்.

இந்தச் சங்கிலி முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் தொங்குகிறது. உருளுகிற பிக் மேன் ரிம்முக்கு மேலே பந்தைப் பிடித்து முடிப்பார் என்ற பயம் எதிரணிக்கு இருக்க வேண்டும். லைவ்லி உருளும்போது அந்தப் பயம் இருந்தது. பவல் ஸ்க்ரீன் வைப்பதில் கெட்டிக்காரர், ஆனால் அவர் உருண்டால் கார்னர் காவலர் அசையவே வேண்டியதில்லை.

தடுப்பாட்டத்திலும் இதே கதைதான். டான்சிச், இர்விங் இருவரையும் தாண்டிக்கொண்டு எதிரணி கார்டுகள் உள்ளே வருவார்கள் என்பது தெரிந்ததுதான். அதை ஏற்றுக்கொண்டு ரிம்மில் ஒரு சுவர் வைப்பது டல்லாஸ் பயிற்சியாளர் ஜேசன் கிட்டின் ஏற்பாடு. சுவர் 26 நிமிடம் நின்று 22 நிமிடம் இல்லாமல் போனால் ஏற்பாடே வீண்.

எனவே டல்லாஸுக்கு வேண்டியது லைவ்லியிலிருந்து மாறுபட்ட ஆள் அல்ல. லைவ்லி செய்கிற வேலையையே தொடர்ந்து செய்கிற ஆள். பல அணிகள் “வேறு சுவை” வேண்டும் என்று சொல்லி பேக்கப்பை எடுத்துவிட்டு, ஆட்டத்தின் நடுவில் முழு திட்டத்தையும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்து நிற்கின்றன.

சந்தையில் இருந்தவர்கள்

அந்த டெட்லைனில் பேசப்பட்ட பிக் மேன்களில் டல்லாஸின் தேவைக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் ஆறேழு பேர்.

ஸ்டீவன் ஆடம்ஸ் பிப்ரவரி 1ஆம் தேதியே ஹூஸ்டன் போய்விட்டார். விலை விக்டர் ஒலடிபோவின் முடியப்போகும் ஒப்பந்தமும் மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும். முழங்கால் அறுவை சிகிச்சையால் அந்த சீசன் முழுவதும் ஆட முடியாதவர் அவர். ஹூஸ்டன் வாங்கியது அடுத்த வருடத்துக்கு. இந்த வருடமே ப்ளேஆஃப் (சீசனுக்குப் பிறகு பட்டத்துக்கான சுற்றுகள்) ஆட வேண்டிய அணிக்கு அது பொருந்தாது. இங்கே ஒரு நுணுக்கம்: ஆடம்ஸின் சொந்த ரீபவுண்ட் எண்ணைவிட அவர் களத்தில் இருக்கும்போது அவருடைய அணி எடுக்கும் ரீபவுண்ட் விகிதத்தைப் பார்க்க வேண்டும். அவர் எதிரணி சென்டரை முதுகால் தள்ளி நிறுத்த, பந்தைப் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். அந்த வேலை அவர் பெயரில் ஏறாது.

அட்லாண்டாவின் கிளின்ட் கபேலா வேலைக்குப் பொருத்தம்தான், லாப்பும் பிடிப்பார், ரிம்மும் காப்பார். இடித்தது கணக்கு. அவர் சம்பளம் 2 கோடியே 6 லட்சம் டாலர். அந்த சீசன் விதிப்படி, ஏப்ரன் கோட்டுக்கு (மொத்தச் சம்பளம் தாண்டினால் கட்டுப்பாடுகள் இறுகும் வரம்பு) கீழே இருக்கும் அணி 72.5 லட்சத்திலிருந்து 2.9 கோடி வரை சம்பளம் அனுப்பினால், அதோடு 75 லட்சம் சேர்த்துத் திரும்ப வாங்கலாம். ஹோம்ஸின் 1 கோடியே 20 லட்சத்து 46 ஆயிரத்தோடு 75 லட்சத்தைக் கூட்டினால் 1 கோடியே 95 லட்சத்துச் சொச்சம். கபேலாவுக்கு ஏறத்தாழ 10 லட்சம் குறைகிறது. அந்த 10 லட்சத்துக்காக இன்னொரு ஆடக்கூடிய வீரரையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அடுத்த வருடத்துக்கும் 2.2 கோடிக்கு மேல் அவருக்கு ஒப்பந்தம் பாக்கி. பேக்கப் நிமிடங்களுக்கு அது அதிகம்.

யூட்டாவின் கெல்லி ஒலினிக் எதிர் வகை. 6 அடி 11 அங்குலம், வெளியிலிருந்து சுடுவார், அபாரமாகப் பாஸ் கொடுப்பார். அவர் ஸ்க்ரீன் வைத்து வெளியே நகர்ந்தால் எதிரணி சென்டரும் வெளியே வர, டான்சிச்சுக்குப் பாதை திறக்கும். தாக்குதலில் கண்ணுக்கு அழகான பொருத்தம். மறுமுனையில் ரிம்மில் யாரும் இல்லை. அவர் கடைசியில் ஓச்சாய் அக்பாஜியோடு டொராண்டோ போனார்.

சிகாகோவின் ஆண்ட்ரே ட்ரம்மண்டுக்குச் சம்பளம் 34 லட்சத்துக்கும் கீழே. 17 நிமிடத்தில் 9 ரீபவுண்ட் எடுத்துக்கொண்டிருந்தார். டாலருக்கு எத்தனை ரீபவுண்ட் என்று பார்த்தால் அந்தச் சந்தையில் அவருக்கு இணை கிடையாது, 82 ஆட்ட சீசனுக்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் டல்லாஸின் குறை ரீபவுண்டில் மட்டும் இல்லை. வேகமான கார்டு எதிரே வரும்போது அவர் கால்கள் திணறும். ப்ளேஆஃபில் எதிரணி முதலில் குறிவைப்பது அதைத்தான். சிகாகோ அந்த டெட்லைனில் எந்த ட்ரேடும் செய்யவில்லை.

சார்லட்டின் நிக் ரிச்சர்ட்ஸ்தான் காஃபோர்டுக்கு நிஜமான மாற்று. 7 அடி, உருண்டு லாப் பிடிப்பவர், அந்த சீசனில் 69 சதவீதம் ஷாட் போட்டவர், சம்பளம் 50 லட்சம் மட்டும். இடைவெளி தடுப்பில் இருந்தது. காஃபோர்ட் வாஷிங்டனில் ஆட்டத்துக்கு 2.2 ப்ளாக், ரிச்சர்ட்ஸ் 1.1. ப்ளாக் எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லாது, ஆனால் இருவரும் கிட்டத்தட்ட ஒரே நிமிடங்கள் ஆடியபோது இருமடங்கு வித்தியாசம் தற்செயலும் அல்ல. ரிச்சர்ட்ஸ் உதவிக்கு நகர அரை நொடி தாமதிப்பார். அந்த அரை நொடியில் எதிரணி கார்டு ஷாட்டை முடித்திருப்பார்.

காஃபோர்ட் வயது 25, உயரம் 6 அடி 10 அங்குலம். 2019 டிராஃப்டில் 38ஆவது தேர்வு. ஒப்பந்தம் 1.24 கோடி, 1.34 கோடி, 1.44 கோடி டாலர் என்று 2026 வரை. அதாவது மூன்று ப்ளேஆஃப்களுக்கு ஆள் கையில். ஹோம்ஸின் 1.20 கோடிக்கு இவருடைய 1.24 கோடி, ஒன்றுக்கு ஒன்று. வேறு யாரையும் தொட வேண்டியதில்லை. ஹோம்ஸுக்கு அடுத்த சீசனுக்கு 1.29 கோடிக்கு ஒப்பந்தத்தைத் தொடர்வதா என்று தானே முடிவு செய்யும் உரிமை இருந்தது. அந்தச் சுமையும் வாஷிங்டன் தலைக்குப் போனது, முதல் சுற்றுத் தேர்வு கேட்க அவர்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

அவருக்கும் குறைகள் உண்டு. வெளியிலிருந்து ஷாட் கிடையாது. உருளும் வழியில் பந்தைப் பிடித்து இரண்டு அடி வைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் பழக்கம் குறைவு. கை சீக்கிரம் நீளும், ஃபவுல் சேரும். ஃப்ரீ த்ரோவில் மட்டும் லைவ்லியைவிட நல்லவர். லைவ்லி அந்த வருடம் பாதிதான் போட்டார், காஃபோர்ட் பத்துக்கு ஏழு போடுபவர். கடைசி நிமிடங்களில் எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து சென்டரைக் கோட்டுக்கு அனுப்பும் உத்திக்கு எதிராக அந்த இரண்டு ஷாட் வித்தியாசம் ரொம்பப் பெரியது.

இல்லாத தேர்வை எப்படிக் கொடுத்தார்கள்

இந்த ட்ரேடில் அதிகம் படிக்க வேண்டிய பகுதி இதுதான். டல்லாஸிடம் கொடுக்க முதல் சுற்றுத் தேர்வு இல்லை.

முன்பு நியூயார்க்கிடமிருந்து கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸை வாங்கிய ட்ரேடின் பாக்கியாக 2024 தேர்வு நியூயார்க்குக்குக் கடன். முதல் 10 இடத்துக்குள் விழுந்தால் டல்லாஸே வைத்துக்கொள்ளும், கடன் 2025க்குத் தள்ளிப்போகும். இர்விங்கை வாங்க 2029 தேர்வு ப்ரூக்ளினுக்குப் போயிருந்தது. அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாத நிலைக்கு எந்த அணியும் போகக் கூடாது என்பது ஸ்டெபியன் விதி. அந்த விதியால் 2024, 2025, 2026 மூன்றும் பூட்டப்பட்டன, 2029க்கு இருபுறமும் இருந்த 2028, 2030 இரண்டும் பூட்டப்பட்டன. திறந்திருந்தது 2027 ஒன்றுதான். அதையும் அதே நாளில் பி.ஜே. வாஷிங்டன் என்ற வீரருக்காகக் கிரான்ட் வில்லியம்ஸ், செத் கரியோடு சார்லட்டுக்குக் கொடுத்தாயிற்று.

ஆனால் ஸ்டெபியன் விதி தேர்வை விற்பதைத்தான் தடுக்கும், இரண்டு அணிகள் தங்கள் தேர்வுகளின் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தடுக்காது. இடம் மாற்றினாலும் அந்த வருடம் கையில் ஒரு தேர்வு இருக்கும் அல்லவா? டல்லாஸ் 2028இல் இடம் மாற்றும் உரிமையை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களிடம் குவிந்திருந்த 2024 முதல் சுற்றுத் தேர்வுகளில் கடைநிலையில் விழும் ஒன்றை வாங்கியது. அதை ஹோம்ஸோடு சேர்த்து வாஷிங்டனுக்கு அனுப்பியது. அந்தத் தேர்வு கடைசியில் 26ஆவது இடத்தில் விழுந்தது. டிராஃப்ட் இரவில் வாஷிங்டனிடமிருந்து நியூயார்க்குக்கும், அங்கிருந்து மறுபடி ஓக்லஹோமா சிட்டிக்குமே வந்து சேர்ந்தது. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அதில் டில்லன் ஜோன்ஸை எடுத்தார்கள்.

விலை நியாயமா? 26ஆவது இடத்தில் எடுக்கும் வீரர்களில் நிலையாக ஆடுபவர்கள் குறைவு. அதை ஆடக்கூடிய 25 வயது சென்டருக்குக் கொடுப்பதில் தப்பே இல்லை. நிஜமான விலை 2028 உரிமை. அந்த வருடம் டல்லாஸ் கீழே விழுந்து ஓக்லஹோமா சிட்டி மேலே இருந்தால், நல்ல இடத்தைக் கொடுத்து மோசமான இடத்தை வாங்க வேண்டும். மேற்குப் பிரிவில் நேரடிப் போட்டியாளருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது கசப்பான பகுதி. வேறு எந்த அணியிடமும் உபரித் தேர்வு இந்த அளவுக்கு இல்லாததால் டல்லாஸுக்கு வேறு கதவும் இல்லை.

முந்தைய வருட டிராஃப்ட் இரவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023இல் 10ஆவது தேர்வையும் டேவிஸ் பெர்டான்ஸின் ஒப்பந்தத்தையும் ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்து 12ஆவது தேர்வை வாங்கி லைவ்லியை எடுத்தார்கள். பெர்டான்ஸ் போனதால் கிடைத்த ட்ரேட் விலக்குத் தொகைக்குள் (பதிலுக்குச் சம்பளம் அனுப்பாமல் வீரரை வாங்க அனுமதிக்கும் தொகை) சாக்ரமென்டோவின் ஹோம்ஸை வாங்கி, கூடவே 24ஆவது தேர்வையும் பெற்றார்கள். சாக்ரமென்டோவுக்குச் சுமையாக இருந்த அந்த ஹோம்ஸ் சம்பளம்தான் எட்டு மாதம் கழித்துக் காஃபோர்டுக்குச் சமமான எடைக்கல்லாக நின்றது. நடுத்தரச் சம்பள ஒப்பந்தம் ஆடாத வீரருடையதாக இருந்தாலும் அதைச் சும்மா தள்ளிவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் ட்ரேடே கூடிவராது.

களத்தில் என்ன ஆனது

பிப்ரவரி 10, முதல் ஆட்டம், ஓக்லஹோமா சிட்டிக்கு எதிராக 146-111. புது வீரர்கள் வந்த பிறகு டல்லாஸ் 22 வெற்றி, 9 தோல்வி. சீசன் முடிவில் 50-32. டல்லாஸுக்காக ஆடிய 29 ஆட்டங்களில் காஃபோர்ட் 11.2 புள்ளி, 6.9 ரீபவுண்ட், 78 சதவீத ஷாட். மார்ச்சில் தொடர்ச்சியாக 33 ஷாட்களைத் தவறாமல் போட்டார். 1967இல் வில்ட் சேம்பர்லேன் போட்ட 35தான் அதற்கு மேல். இது அவர் திடீரென்று திறமைசாலி ஆனதால் வந்ததல்ல. வாஷிங்டனில் அவரே நெரிசலில் போட வேண்டியிருந்த ஷாட்கள் டல்லாஸில் ரிம்முக்கு மேலே தயாராக வந்து சேர்ந்தன. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த வீரரின் கடினமான ஷாட்களில் எத்தனையை நம் பந்துக்காரர் எளிதாக்குவார்?

ப்ளேஆஃபில் கிட் காஃபோர்டைத் தொடக்க ஐவரில் நிறுத்தி லைவ்லியைப் பென்ச்சிலிருந்து இறக்கினார். யார் முதல், யார் பேக்கப் என்ற பேச்சே அர்த்தமிழந்தது. ஒருவர் போனால் இன்னொருவர், திட்டம் மாறவில்லை. கிளிப்பர்ஸை 4-2, ஓக்லஹோமா சிட்டியை 4-2 என்று தாண்டினார்கள்.

மினசோட்டா தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் கார்ல்-அந்தோனி டவுன்ஸின் முழங்கால் தலையில் பட்டு லைவ்லிக்குக் கழுத்தில் அடி. அந்த ஆட்டத்தை 116-107 என்று முடித்தார்கள். லைவ்லி இல்லாத நான்காவது ஆட்டத்தில் 105-100 தோல்வி. அவர் திரும்பிய ஐந்தாவதில் 124-103. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. இருந்தாலும் இரண்டு சுவர்களில் ஒன்று விழும்போது மற்றது 48 நிமிடம் தாங்காது என்பது அன்று தெரிந்தது. டெட்லைனில் காஃபோர்டை வாங்காமல் இருந்திருந்தால் அந்த ஆட்டத்தில் ஒரு சுவரும் இருந்திருக்காது.

பாஸ்டனின் வேறு கணக்கு

பாஸ்டனுக்குக் காலியிடமே வேறு மாதிரி. முதல் சென்டர் கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸ், அடுத்து ஆல் ஹார்ஃபோர்ட், மூன்றாவது லூக் கோர்னெட். போர்ஜிங்கிஸின் காய வரலாறு எல்லோருக்கும் தெரியும், ஹார்ஃபோர்டுக்கு வயது 37. பாஸ்டன் அணி நிர்வாகி பிராட் ஸ்டீவன்ஸ் தேடியது வாரக்கணக்கில் தேவைப்படாமல், ஒரு நாள் மட்டும் திடீரென்று தேவைப்படக்கூடிய நான்காவது ஆளை. அந்த நாள் ப்ளேஆஃபில் வரலாம் என்பதால் எதிரணி கார்டு முன் நின்று ஸ்விட்ச் செய்ய (தடுக்கும் ஆளைச் சக வீரரோடு மாற்றிக்கொள்ள) தெரிந்திருக்க வேண்டும். பாஸ்டன் தடுப்பாட்டத்தின் அடிப்படையே ஸ்விட்ச்தான்.

அதற்கு டில்மன். 6 அடி 7 அங்குலம், ரிம்மைக் காக்கும் உயரமில்லை, மூன்று புள்ளி ஷாட் அந்த வருடம் மோசம். ஆனால் கால்கள் வேகம், இடம் தவறமாட்டார், மெம்ஃபிஸில் ப்ளேஆஃப் ஆடிய அனுபவம். சம்பளம் 19 லட்சம் டாலர். போனவர் லமார் ஸ்டீவன்ஸ், அவரும் குறைந்தபட்சச் சம்பளக்காரர். கூட இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள்.

இதே டில்மனை டல்லாஸ் வாங்கியிருந்தால் வீண். லாப் பிடிக்காதவர் டான்சிச்சுக்கு உதவமாட்டார். காஃபோர்டை பாஸ்டன் வாங்கியிருந்தாலும் வீண்தான்: ஐந்து பேரும் வெளியே நின்று சுடும் அணியில் பெயின்ட்டுக்குள் ஒருவர் நின்றால் ஜேசன் டேட்டமின் பாதை அடைபடும்.

இறுதித் தொடர் முதல் ஆட்டம், ஜூன் 6. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆடாத போர்ஜிங்கிஸ் பென்ச்சிலிருந்து வந்து 20 புள்ளி, பாஸ்டன் 107-89. டல்லாஸின் இரண்டு சென்டர்களுக்கும் வெளியே ஷாட் இல்லை என்பதை பாஸ்டன் பயிற்சியாளர் ஜோ மசூலா நேராகப் பயன்படுத்தினார். டேட்டமைக் காஃபோர்ட், லைவ்லி மேல் நிறுத்தினார். டான்சிச் ஸ்க்ரீன் கேட்டால் டேட்டம் ஸ்விட்ச் செய்து அவர் முன் நிற்பார். அப்போது பின்வாங்கி நிற்கும் சென்டரே இல்லை, டான்சிச் சிக்கவைக்க எதிரே ஆளில்லை, லாப் பிறப்பதில்லை. பாஸ்டனின் நிஜ சென்டர் ஷாட் குறைவான விங் வீரரைக் காவல் காப்பதுபோல ரிம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மறுமுனையில் போர்ஜிங்கிஸும் ஹார்ஃபோர்டும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்க, டல்லாஸின் சுவர் ரிம்மை விட்டு வெளியே வர வேண்டியதாயிற்று. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு சென்டர்கள் இருப்பதன் விலை இதுதான். திட்டம் தொடரும், ஆனால் திட்டத்தை முறிக்கத் தெரிந்த அணி வந்தால் மாற்று இல்லை. க்ளீபர் உடல்நலத்தோடு இருந்திருந்தால் ஓரளவு உதவியிருக்கலாம்.

இரண்டாவது ஆட்டத்தில் போர்ஜிங்கிஸுக்குக் கணுக்கால் தசைநாண் காயம். டல்லாஸில் ஜூன் 12, மூன்றாவது ஆட்டத்தில் டில்மன் இறங்கினார். 11 நிமிடம், 4 ரீபவுண்ட், 2 ப்ளாக், ஒரு மூன்று புள்ளி ஷாட். பாஸ்டன் 106-99 என்று வென்று 3-0 ஆனது. அடுத்ததில் டல்லாஸ் 122-84 என்று நொறுக்கினாலும் ஜூன் 17 அன்று 106-88 என்று பாஸ்டன் பட்டத்தை எடுத்தது. அந்த 11 நிமிடத்துக்கு இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் கொடுத்தது தகும்.

கெட்டுப்போகும் இடங்கள்

மருத்துவப் பரிசோதனைதான் முதல் கண்ணி. 2025 பிப்ரவரியில் ஆன்டனி டேவிஸைக் கொடுத்துவிட்டுச் சென்டர் இல்லாமல் நின்ற லேக்கர்ஸ், சார்லட்டின் மார்க் வில்லியம்ஸுக்காக டால்டன் கனெக்ட், கேம் ரெடிஷ், 2031 முதல் சுற்றுத் தேர்வு, 2030 இடம் மாற்றும் உரிமை எல்லாவற்றையும் கொடுக்கச் சம்மதித்தது. பரிசோதனையில் தேறவில்லை என்று பிப்ரவரி 8 அன்று ட்ரேட் ரத்து. டெட்லைன் தாண்டிவிட்டதால் அடுத்த ஆளைத் தேட வழியில்லை, விடுவிக்கப்பட்டு வந்த அலெக்ஸ் லென்னை எடுத்தார்கள். மினசோட்டாவிடம் 1-4 என்று முதல் சுற்றிலேயே போனார்கள். கடைசி ஆட்டத்தில் ரூடி கோபேர் 27 புள்ளி, 24 ரீபவுண்ட். முதுகு, கால், முழங்கால் வரலாறு உள்ள பிக் மேனை டெட்லைனுக்கு முந்தைய நாள் இரவில் பேசி முடிக்கக் கூடாது. பரிசோதனை தோற்றால் அடுத்த ஆளைக் கூப்பிட நேரம் மிஞ்ச வேண்டும்.

அடுத்தது ஏப்ரன். ஃபீனிக்ஸ் இரண்டாம் ஏப்ரனுக்கு (முதலாவதைவிட உயர்ந்த, இன்னும் கடுமையான கோடு) மேலே இருந்த அணி. இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, அனுப்புவதைவிட ஒரு டாலர் கூடுதலாகத் திரும்ப வாங்க முடியாது. அந்த நெருக்கடியில் 2025 ஜனவரியில் அவர்கள் எடுத்தது மேலே சொன்ன அதே நிக் ரிச்சர்ட்ஸை. 82.5 லட்சம் சம்பளமுள்ள ஜாஷ் ஒகோகியையும் மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து, 50 லட்சத்துக்கு ஆடும் ரிச்சர்ட்ஸையும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் வாங்கினார்கள். அவர்களுடைய நிலையில் 50 லட்சச் சம்பளம் என்பதே ரிச்சர்ட்ஸின் பெரிய தகுதி. கோட்டுக்கு மேலே உள்ள அணி பட்டியலைத் திறமையால் வரிசைப்படுத்தி நேரத்தை வீணடிக்கக் கூடாது. முதலில் சம்பளத்தால் வடிகட்டிவிட்டு மிஞ்சுபவர்களை மட்டும் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, பிக் மேன்களின் எண்ணிக்கையைக் காகிதத்தில் எண்ணி நிம்மதி அடைவது. டல்லாஸுக்கே இது நடந்தது. 2025 ஜனவரியில் லைவ்லிக்கு எலும்பில் விரிசல். பிப்ரவரி தொடக்கத்தில் டான்சிச்சைக் கொடுத்து வாங்கிய ஆன்டனி டேவிஸ் பிப்ரவரி 8, தன் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியே போனார். இரண்டு நாள் கழித்துக் காஃபோர்டுக்கு முழங்கால். ரிம்மைக் காக்கும் மூவரும் ஒரே வாரத்தில் இல்லை. மோசஸ் பிரௌனை 10 நாள் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். முதல் ஏப்ரன் அவர்களுக்குத் தாண்டவே முடியாத வரம்பாகிவிட்டிருந்தது, அதற்குக் கீழே மிஞ்சியது 51,000 டாலர் சொச்சம் மட்டும். சீசன் முடியும் தறுவாய் வரை முறையான ஒப்பந்தத்தில் இன்னொரு சென்டரை எடுக்க அந்தத் தொகை போதவில்லை. மார்ச்சில் சில ஆட்டங்களுக்கு, களமிறக்க வேண்டிய குறைந்தபட்சம் எட்டு பேரைச் சேர்ப்பதே பாடாக இருந்தது.